கடைக்காலுக்கு அடியில்

கோர்ட் ஆபீசின் தலைமை எழுத்தரான சிரஸ்தார் பெருமாள் சிவப்பு மையால் இழுத்த கோடு தாளின் முதுகிலும் பதிந்திருந்தது. ஒரு சொல்லை அடிக்க இத்தனை அழுத்தம் எதற்கு என்று செண்பகவல்லி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்டர்மைண்ட் என்ற சொல்லுக்குக் குறுக்கே ஒரு கோடு, அது போதாதென்று இன்னொன்று, மேலே சின்னதாக, சாய்வாக, நாலாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டைத் திருத்துகிற மாதிரி, தி வால் வாஸ் வீக்கண்ட். மணி மூன்றேகால். ஐந்து மணிக்குள் காகிதக் கட்டைத் தைத்து அரக்கு வைத்துத் தபால் பிரிவில் சேர்க்க வேண்டும், காலையில் ஆள் மதுரைக்கு எடுத்துப் போகிறார், இந்த நேரம் பார்த்து இவருக்கு இந்த வேலை. கழுத்துக்குப் பின்னால் ஒரு சூடு கிளம்பிக் காது வரைக்கும் ஏறியது. இது வெயிலா, வயசா, கோபமா என்று பிரித்துப் பார்க்க இப்போதெல்லாம் அவளால் முடிவதில்லை. மாவட்ட நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் பத்தொன்பது வருஷம். தமிழில் ஜனங்கள் சொன்னதை எல்லாம் இங்கிலீஷாக்கி மதுரை மேல் கோர்ட்டுக்கு அனுப்புவதுதான் வேலை. வாய்க்கால் தகராறு, பாகப்பிரிவினை, வைப்பாட்டி, வரப்பு, எல்லாம் அவள் கைவழியாகத்தான் மதுரைக்குப் போயிருக்கிறது. இது சுவர் கேஸ். சைக்கிள் கடை பீர்முகம்மது வீட்டுக்கு மேற்கே ஒரு ஜவுளிக்கடைக்காரர் இடம் வாங்கி, வண்டி நிறுத்த பூமிக்குக் கீழே ஒரு தளம் போடுவதற்காகப் பள்ளம் தோண்டினார். ஒன்பதாம் நாள் மத்தியானம் பீர்முகம்மது வீட்டு மேலச்சுவர் அப்படியே உள்பக்கம் சாய்ந்தது. சுவரோரம் பாய் போட்டுப் படுத்திருந்த அவர் மனைவி ரகமத் பீவி அதோடு சரி. பழைய சுவர், மழையில் ஊறிப் போயிருந்தது, தானாக விழுந்தது என்று ஜவுளிக்கடைக்காரர் சொன்னார். இங்கே அவர் சொன்னதுதான் எடுபட்டது. பீர்முகம்மது மேல்முறையீடு போயிருக்கிறார். போயிருக்கிறார் என்றால் நடந்தா போவார். காகிதம்தான் போகிறது, காகிதம் போவது இங்கிலீஷில், இங்கிலீஷ் செண்பகவல்லியுடையது, அதன் மேல் இந்தச் சிவப்புக் கோடு.

அவள் தமிழ் வாக்குமூலத்தை மறுபடியும் இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாதி தரப்பு மூன்றாம் சாட்சி, பெயர் இசக்கிப்பாண்டி, வயது நாற்பத்தொன்று, தொழில் கூலி. மொத்தமே ஒன்றரைப் பக்கம். எனக்கு அந்த இடம் தெரியும், மண் வேலை நடந்த சமயம் நான் அங்கே இருந்தேன் என்று ஆரம்பம். பிறகு அந்த வரி. மேஸ்திரி சொன்னதன் பேரில் மேலச்சுவரின் கடைக்காலுக்கு, அதாவது அஸ்திவாரத்துக்கு, அடியில் முழங்கை ஆழம் உள்ளே பறித்ததைப் பற்றிய வரி. அதில் பறி என்ற இரண்டெழுத்துக்குக் கீழே அவள்தான் போன வாரம் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். எத்தனை அழகாகச் சொல்லியிருக்கிறான். தோண்டுவது வேறு, வெட்டுவது வேறு. தோண்டுகிறவன் மேலிருந்து கீழே போகிறான். பறிக்கிறவன் பக்கவாட்டில் உள்ளே போகிறான், எலி மாதிரி, பெருச்சாளி மாதிரி. மேலே சுவர் நிற்கிறது, பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, கீழே ஒன்றுமில்லை. இதற்கு இங்கிலீஷில் என்ன என்று மூன்று நாள் அலைந்தாள். வெங்காயம் நறுக்கும்போது அலைந்தாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலைந்தாள். டக் என்றால் வெறும் தோண்டல், எரோட் என்றால் தண்ணீர் அரிப்பது, தண்ணீர் மேல் பழி போட்டால் மழைதான் காரணம் என்கிறவருக்கு வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி. கடைசியில், அட்டை போன அந்தப் பெரிய அகராதியில், கரையான் தின்ற ஓரத்துக்குப் பக்கத்தில், அண்டர்மைன். முதல் அர்த்தமே அதுதான்: ஒரு சுவருக்கோ கோட்டைக்கோ அடியில் குடைந்து அதை விழும்படி ஆக்குவது. அந்தக் காலத்தில் கோட்டையைப் பிடிக்க வந்தவர்கள் மதிலுக்கு அடியில் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள், அதிலிருந்து வந்த சொல். ஒருவருடைய பலத்தை, மதிப்பை, தைரியத்தை அவருக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்பதெல்லாம் பின்னால் வந்த அர்த்தம். நமக்கும் அப்படித்தானே இருக்கிறது, குழி பறிச்சுட்டான்யா என்றால் யார் கையிலும் மண்வெட்டி இருக்காதே. இரண்டு பாஷைக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமல் ஒரே இடத்தில் போய் நின்றிருக்கிறார்கள். அகராதியை மூடியபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது. டைப்பிஸ்ட் பிரிசில்லாவிடம் சொன்னாள், அந்தப் பெண் "சூப்பர்க்கா" என்றுவிட்டு டீ சொல்லப் போய்விட்டாள். அந்தச் சொல்லைத்தான் இந்த மனிதர் இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறார். வீக்கண்ட். பலவீனப்படுத்தப்பட்டது. யாரால், எதனால், எப்படி? ஒன்றும் கிடையாது. சத்துக்குறைவா சுவருக்கு, டானிக் வாங்கிக் கொடுக்கலாமா.

எழுந்தாள். வலது முழங்கால் எப்போதும்போல ஒரு விநாடி யோசித்துவிட்டுத்தான் கூட வந்தது. பெருமாள் சார் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் திருச்செந்தூர் முருகன், கண்ணாடிக்கு மேலே கால் டம்ளர் சுக்குக் காபி. "சார், இந்த வார்த்தையை ஏன் அடிச்சிருக்கீங்க?" என்றாள். அவர் நிமிரவில்லை. "எது? ஓ, அதா. ஏம்மா, அண்டர்மைன்னா மனுஷனுக்குத்தான் வரும். அதாரிட்டியை அண்டர்மைன் பண்றது, கான்ஃபிடன்ஸை அண்டர்மைன் பண்றது, பேப்பர்லயே தெனம் வருதே. சுவருக்கு ஏதும்மா அதாரிட்டி?" தன் பேச்சு தனக்கே பிடித்துப் போய் அவர் சிரித்தார். "சார், சுவருக்கு வர்றதுதான் மொதல் அர்த்தம். டிக்ஷனரியைக் கொண்டாரட்டுமா?" "டிக்ஷனரில ஆயிரம் இருக்கும். ஜட்ஜு படிக்கும்போது நெருடக் கூடாதுல்லா. வீக்கண்டுன்னு போட்டா பச்சப்புள்ளைக்கும் புரியும்." "புரியும் சார், ஆனா அந்த ஆளு அதைச் சொல்லலையே. தி வால் வாஸ் வீக்கண்டுன்னா சுவர் பலவீனமாச்சு, அவ்வளவுதான். பறிச்ச ஆளையே காணாமப் பண்ணிட்டீங்களே சார் நீங்க." அவர் இப்போது நிமிர்ந்தார். கோபம் இல்லை, அதுதான் இன்னும் மோசம், வாத்சல்யம். "செண்பகம்மா, நமக்குள்ள என்னத்துக்குச் சண்டை. வீட்லயே இங்கிலீஷ் வாத்தியாரை வச்சிருக்கீங்க, அவரையே கேட்டுப்புடுவோம்." வேண்டாம் சார் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் போனை எடுத்துவிட்டார். அவர் போனில் அவள் கணவர் குற்றாலிங்கத்தின் நம்பர் இருக்கிறது, ஏனென்றால் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றாக நடக்கிறார்கள். ஸ்பீக்கரைப் போட்டார். பத்தடிக்கு அப்பால் தைத்துக்கொண்டிருந்த பிரிசில்லாவின் ஊசி நின்றது. "வணக்கம் வாத்தியாரய்யா, ஒரு சந்தேகம். சுவரை அண்டர்மைன் பண்ணலாமா?" அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் கிரிக்கெட் சத்தம் குறைந்தது. குற்றாலிங்கத்தின் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தது. "யாரு, செம்பா எழுதியிருக்காளா? அவளுக்கு எதையும் நேராச் சொல்லத் தெரியாது சார். வீக்கன்னு போடச் சொல்லுங்க. சிம்பிளா இருக்கணும், இங்கிலீஷோட அழகே அதான்." "பாத்தீகளா" என்றார் பெருமாள், போனை அணைத்து, காபியை ஒரு வாய் குடித்துவிட்டு.

பாத்தீகளா. அவள் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தது தெரியும், நடந்து வந்தது நினைவில்லை. செம்பா எழுதியிருக்காளா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எப்போதும் சிரித்துக்கொண்டேதான். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர், ரிட்டயர் ஆன பிறகு வகுப்பில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். ஜட்ஜ் ஒருவர் மாறிப் போனபோது பிரிவுபசாரத்தில் அவளை இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். இரண்டு நாள் எழுதி, மனப்பாடம் செய்து, நடுங்காமல் பேசினாள். ஜட்ஜ் எழுந்து கைதட்டினார். வீட்டுக்கு வருகிற வழியில் ஸ்கூட்டரில் முன்னால் பார்த்தபடியே குற்றாலிங்கம் சொன்னார், நல்லாத்தான் இருந்துது, மூணு இடத்துல ஆர்ட்டிக்கிளை விட்டுட்டே. அந்த மூன்று இடம் எது என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது, கேட்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஒரு மேடையிலும் அவள் ஏறவில்லை. சொந்தக்காரர்கள் யாராவது வந்து, அக்கா என்ன வேலை பாக்காங்க என்றால், கோர்ட்டுல டைப் பண்ணுதா என்பார். டைப் இல்லை என்று அவள் சமையலறையிலிருந்து சொல்லுவாள், அது முற்றத்தைத் தாண்டாது. அடித்தாரா, வைதாரா, சம்பளத்தைப் பிடுங்கினாரா, ஒன்றும் இல்லையே, தங்கமான மனுஷன் என்றுதான் அவள் அம்மாவே சொல்லிவிட்டுச் செத்தாள். எதையாவது காட்டினால்தானே புகார். சரி, இது இப்போது எதற்கு. மணி மூன்றேமுக்கால். வீக்கண்டு என்றே போட்டுத் தொலைத்தால் என்ன, யாருக்கு நஷ்டம், ஜட்ஜுக்கு என்ன தெரியப் போகிறது, இருபத்தாறு ஆவணத்தில் ஒன்றரைப் பக்கம், அதில் ஒரு வரி, அதில் ஒரு சொல். அப்படித்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தரம் நினைத்தாள். பதினாறு வயசுப் பெண், கையைப் பிடிச்சு இழுத்தாரு என்று சொல்லியிருந்தது. அப்போதிருந்த சிரஸ்தார், இழுத்தாருன்னு எல்லாம் போட்டா அசிங்கமா இருக்கும்மா, ஹெல்டுன்னு போடுங்க போதும் என்றார். ஹெல்ட் என்று போட்டாள். கையைப் பிடித்தார். ஆசீர்வாதம் பண்ணப் பிடித்த மாதிரி. அந்த வழக்கு மேலே போய் என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் பயந்து அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஆனால் பஸ்ஸில் எந்தப் பெண்ணாவது பாவாடை தாவணியில் ஏறினால் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. கடைசிப் பக்கத்தின் கீழே, மேற்கண்டது உண்மையான மொழிபெயர்ப்பு எனச் சான்றளிக்கிறேன் என்று இருக்கிறதே, அங்கே யார் கையெழுத்து? பெருமாள் சாரா? குற்றாலிங்கமா?

நாலு மணிக்கு அவள் பிரிசில்லாவைக் கூப்பிட்டு, "அந்தப் பக்கத்தைத் திரும்ப அடி. என் வார்த்தையே இருக்கட்டும்" என்றாள். பிரிசில்லா சிவப்புக் கோட்டைப் பார்த்தாள், சிரஸ்தார் மேஜையைப் பார்த்தாள். "அக்கா, அவரு..." "நான் பாத்துக்கிடுதேன்." புதுத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "சார், இது என் கையெழுத்துல போற காயிதம். வார்த்தைக்கு நான் ஜவாப்தாரி. கவரிங் லெட்டர்லதான் உங்க கையெழுத்து, அதுல நீங்க என்ன வேணும்னாலும் போட்டுக்கிடுங்க." இத்தனை நீளமாக அவரிடம் அவள் பேசியதே இல்லை. பெருமாள் அவளைப் பார்த்தார். முருகனையும் பார்த்தார். "ஏதாச்சும் நாளைக்கு விளக்கம் கேட்டு வந்தா?" "என்கிட்ட வரட்டும் சார்." "உங்க இஷ்டம்மா. நல்லதுக்குச் சொன்னா..." என்று வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கவரிங் லெட்டரில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். வழக்கமாகத் தைப்பதற்கு முன்னால் ஒருவர் தமிழை உரக்கப் படிக்க, இன்னொருவர் இங்கிலீஷில் விரல் வைத்துக்கொண்டே வந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து ஆவணத்துக்கு நேற்றே முடித்தாயிற்று. இந்த ஒன்றரைப் பக்கம்தான் பாக்கி, அதைத்தான் மூன்று நாளாகத் தின்றுகொண்டிருக்கிறோமே, கண்ணை மூடினாலும் தெரிகிறதே, இன்னும் என்ன ஒப்பிட என்று, 'ஒப்பிட்டது' என்ற இடத்தில் அவளே சுருக்கொப்பம் போட்டாள். பிரிசில்லா தைத்தாள். அரக்கு உருகுகிற வாசனை வந்தது. ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தபால் பிரிவில் கட்டு உள்ளே போய் அலமாரி பூட்டப்பட்டது.

பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை என்று ஒன்று உண்டு, அதில் நிழல் எப்போதும் ரோட்டுக்கு நடுவில் விழும். ஆறு மணிக்கும் வெயில் பழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. அவள் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி, உதடு அசையாமல் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் அவர் கேட்பார், என்ன, சுவர் என்னாச்சு என்று. கேட்கட்டும். இன்றைக்கு விடுவதில்லை. முதலில் அகராதி. கோட்டை மதில், சுரங்கம், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தீங்களே, இந்தச் சொல்லை ஒரு தரமாவது பிரிச்சுப் பாத்திருக்கீங்களா என்று கேட்க வேண்டும். கேட்க முடியுமா? முடியும், ஏன் முடியாது, சிரஸ்தாரிடமே பேசியாயிற்று. அப்புறம் அவர் அசடு வழிந்து, சரி, சாட்சி என்னதான் சொன்னான் என்பார். அப்போது சொல்ல வேண்டும், நிறுத்தி நிதானமாக, அவன் குரலிலேயே. அவனை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் குட்டையாக, தோளில் துண்டோடு, கூண்டுக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆள் மனசுக்குள் வந்து நின்றிருந்தான். மேஸ்திரி சொன்னதன் பேரில், என்று ஆரம்பித்தாள். இப்போது உதடும் அசைந்தது. மேலச்சுவரின் கடைக்காலுக்கு அடியில், முழங்கை ஆழம் உள்ளே பறித்தோம். பேச்சை நிறுத்தினாள். பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற ஆள் அவளைத் திரும்பிப் பார்த்தார். பறித்தோம். இல்லையே. பறித்தார்கள் என்றுதானே. தே அண்டர்மைண்ட் என்றுதானே அடித்திருக்கிறோம், தே, அவர்கள். மறுபடியும் சொல்லிப் பார்த்தாள், மேஸ்திரி சொன்னதன் பேரில், வாய் தானாகப் போய் அதே இடத்தில் நின்றது, பறித்தோம். கண் ஏமாற்றும், வாய் ஏமாற்றாது, நாற்பது தடவை படித்த வரி, கண் பறி என்பதிலேயே மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது, நாக்கு மட்டும் கடைசி வரைக்கும் போயிருக்கிறது. நாங்கள் என்று அவன் தனியாகச் சொல்லவில்லை. தமிழில் சொல்ல வேண்டியதில்லை, வினையின் வால்நுனியில் ஆள் உட்கார்ந்திருப்பான். அந்த வாலைத்தான் அவள் வெட்டிவிட்டாள். மண் வேலை நடந்த சமயம் நான் அங்கே இருந்தேன் என்றால் வேடிக்கை பார்த்துக்கொண்டு இல்லை, பள்ளத்துக்குள் இருந்தேன் என்று அர்த்தம். அவன் கையாலேயே பறித்திருக்கிறான். அதைச் சொல்லத்தான் கூண்டில் ஏறியிருக்கிறான். வாதி தரப்பில் அதைவிடப் பெரிய சாட்சி எது? அவள் அவனைப் பள்ளத்திலிருந்து தூக்கி ரோட்டில் நிறுத்திவிட்டாள், போகிற வருகிற ஆளாக, யாரோ பறித்தார்களாம் இவன் பார்த்தானாம் என்று. வழிப்போக்கன் பேச்சு என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போவார்கள்.

பஸ் வந்தது. உட்கார இடம்கூட இருந்தது. அவள் ஏறவில்லை. கண்டக்டர், "ஏறுதீங்களா இல்லையாம்மா?" என்று அலுத்துக்கொண்டு விசில் கொடுத்தார். இல்லை, ஏறியிருக்கலாம், இன்னும் யோசிக்க நேரம் கிடைத்திருக்கும், காலையில் சீக்கிரம் வந்து பார்த்துக்கொள்ளலாம். காலையில் எட்டரைக்கே ஆள் எடுத்துப் போய்விடுவாரே. மதுரைக்கு ஒரு திருத்தக் கடிதம் போடலாம். அது எந்தக் கட்டில் போய்ச் சேருமோ, சேராதோ, சேர்ந்தாலும் முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா, யாரோ சொல்லி மாற்றியிருக்கிறார்கள் என்பார். யாருக்கும் தெரியாமலே போகவும் கூடும். தமிழ்ப் பிரதியும் கூடவே போகிறது, ஜட்ஜுக்குத் தமிழ் தெரியாதா என்ன. தெரிந்தவராக இருந்தால், பார்த்தால், ஒப்பிட்டால். இப்படி மூன்று முளை அடித்து அதில் தொங்கவா அவன் வந்து சொன்னான்? ஆனால் இப்போது திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். பெருமாள் சார் முகம் மலரும். நான் அப்பவே சொன்னேன்ல என்பார். இல்லை சார், அது வேற, இது வேற என்று அவள் சொல்வாள், அவர் கேட்பாரா? ஞாயிற்றுக்கிழமை நடைக்கு ஒரு கதை கிடைத்துவிடும். உங்க வீட்டம்மா பெரிய வார்த்தையாப் போட்டுட்டு அன்னைக்குச் சாயங்காலமே ஓடி வந்து அடிச்சு எழுதினாகளே என்று. குற்றாலிங்கம் அதை மகன் வீட்டுக்கு எடுத்துப் போவார், கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போவார், பந்தியில் உட்கார்ந்து சொல்லுவார். இன்னும் இருபது வருஷம் அதைச் சொல்ல அவருக்குத் தெம்பு இருக்கிறது. சரியாக இருந்த சொல் ஒன்றுக்காக அவளைத் தப்பானவள் என்பார்கள், தப்பாக இருந்ததைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியக்கூடச் செய்யாது. சே. எத்தனை வருஷம் கழித்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து நின்றேன், அது மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லையே. அழுகை வந்தது, வரட்டும், வெயிலில் யாருக்கும் தெரியாது. கால் அதற்குள் ரோட்டைக் கடந்து கோர்ட் கேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, முழங்கால் இந்தத் தரம் யோசிக்கக்கூட இல்லை.

கேட்டில் பிரிசில்லா தம்பியின் பைக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?" "ஆமா. வா என்கூட, பத்து நிமிஷம். அந்த ஒன்றரைப் பக்கத்தை நாம ஒப்பிடவே இல்ல." மாடியில் பெருமாள் மட்டும் இருந்தார், ஆறரைக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனதாகச் சரித்திரம் கிடையாது. அவள் மூச்சு வாங்கி முடிக்கவில்லை. "சார், மதுரைக் கட்டைப் பிரிக்கணும். இசக்கிப்பாண்டி வாக்குமூலத்துல தப்பு இருக்கு. தப்பு என்னுது." அவள் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது. புருவம் ஏறியது, கன்னம் இரண்டும் விரிந்தன. "நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல? வீக்கண்டுன்னு..." "அந்த வார்த்தை இல்ல சார். அது சரி. நான் அவங்கன்னு போட்டுட்டேன், அவரு நாங்கன்னு சொல்லியிருக்காரு." "எல்லாம் ஒண்ணுதாம்மா. அவசரப்பட்டா இப்படித்தான்" என்று அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார். ஒன்றில்லை சார் என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு வராண்டாப் பக்கம் போய்விட்டார், சிரிப்புச் சத்தம் மட்டும் உள்ளே வந்தது. அவள் தபால் பிரிவு அலமாரியைத் திறந்து கட்டை எடுத்து வந்து அரக்கை உடைத்தாள். சிவப்புத் துணுக்குகள் மேஜையெல்லாம் சிதறின. பிரிசில்லா கணினியைப் போட்டாள். தாள் வருவதற்குள் செண்பகவல்லியின் போன் அடித்தது. "என்ன, மாத்திட்டியாமே?" என்றது குற்றாலிங்கத்தின் குரல், பின்னால் கிரிக்கெட். மதிலும் சுரங்கமுமாகப் பஸ் நிறுத்தத்தில் தயாரித்த அத்தனை வாக்கியங்களும் ஒன்றன் பின் ஒன்றாக அவள் தொண்டை வரைக்கும் வந்தன. "எதை மாத்தினேன்னு சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள். "அதான் தெரியுமே. வீம்புக்குப் போட்டே, இப்ப பாரு." "சரி, நான் வர நேரமாகும். தோசை மாவு உள்ள இருக்கு, நீங்களே ஊத்திக்கிடுங்க" என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தாள். எரிச்சல் போகவில்லை. நெஞ்சுக்குழியில் புளியேப்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அது நிற்கட்டும். "நீ தமிழை உரக்கப் படி" என்றாள் பிரிசில்லாவிடம், இங்கிலீஷ் தாளில் விரலை வைத்துக்கொண்டு. பிரிசில்லா ஆரம்பித்தாள், பெயர், வயது, தொழில், எனக்கு அந்த இடம் தெரியும், வரி வரியாக, ஆள் இல்லாத ஆபீசில் அவள் குரல் பெரிதாகக் கேட்டது. மேஸ்திரி சொன்னதன் பேரில் மேலச்சுவரின் கடைக்காலுக்கு அடியில் முழங்கை ஆழம் உள்ளே பறித்தோம். விரல் வீ, நாங்கள், வீ அண்டர்மைண்ட் என்ற இடத்தில் நின்றது. பிரிசில்லாவும் நிறுத்திவிட்டாள். "அக்கா, அப்ப இவரும் சேந்துதான் பறிச்சிருக்காரா? பறிச்சாங்கன்னு சொல்லியிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே. அந்தம்மா செத்துல்லா போயிருக்கு. எதுக்கு வந்து இவரா மாட்டிக்கிட்டாரு?" செண்பகவல்லி அந்த வரியின் வால்நுனியில் இருந்த 'தோம்' என்பதற்கு அடியில், தமிழ்ப் பிரதியில், பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டாள். "எனக்கும் தெரியலட்டி" என்றாள். "ஆனா சொல்லிட்டாரு. அடுத்த வரியைப் படி."